சுத்தமான முப்பத்தொரு வயிறுகள்

எங்கள் ஊரில் முப்பத்தொரு பேர் வயிற்றில் ஓர் உயிர்கூட இல்லை என்று சென்னையிலிருந்து தகவல் வந்தபோது நான் களி தின்றுகொண்டிருந்தேன். அந்த முப்பத்தொரு பேரில் என் மனைவி மாதம்மாளும் ஒருத்தி. எதிரில் உட்கார்ந்து எனக்குக் கீரைக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். வயிற்றில் உயிர் இல்லாதவள் ஊற்றுகிற மாதிரி தெரியவில்லை. கை தாராளமாகத்தான் இருந்தது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இருபத்தொன்பது வருடம் பென்னாகரம் - ஒகேனக்கல் தடத்தில் கண்டக்டராக இருந்தவன். எண்ணிக்கை தப்பினால் வேலை போய்விடும். என் விசிலைப் பற்றி ஊரில் சிலர் ஏதேதோ சொல்வார்கள். மலை வளைவில் ஒருமுறை நான் ஊதியதில் எங்கள் பஸ் நின்றது, எதிரே வந்த லாரி நின்றது, கீழே காவிரியும் ஒரு நிமிடம் நின்று என்னவென்று பார்த்துவிட்டுப் போனது என்பார்கள். ஒரு நிமிடம் என்பது மிகை. அரை நிமிடம் இருக்கும்.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்கு இந்தப் பக்கம். பாதிக் குடும்பங்கள் பட்டுப்புழு வளர்க்கின்றன. வீட்டை ஒட்டி ஒரு புழு மனை, பின்னால் மல்பெரித் தோட்டம். புழுவுக்கு ஒரு மாதத்து வாழ்க்கை. தின்னும், தூங்கும், தோலை உரிக்கும், மறுபடி தின்னும், கூடு கட்டும். கூட்டைத் தர்மபுரி அங்காடிக்கு அனுப்பிவிட்டு மனையைக் கழுவி அடுத்த பேட்சுக்குத் தயாராவோம். மாதம்மாள் முப்பது வருடமாக இதில் இருக்கிறாள். ஒரு தட்டைப் பார்த்தாலே எந்தப் புழு நாளைக்குத் தின்னாது என்று சொல்லிவிடுவாள். ஊர்ப் பெண்கள் எல்லாம் அவள் சொல்வதைத்தான் கேட்பார்கள். நானும் கேட்பேன். எனக்கு வேறு வழியில்லை.

நான்கு வருடமாக அவளுக்கு இழுப்பு. மனைக்குள் போய்ப் புழு எச்சத்தைத் தள்ளினால் நெஞ்சுக்குள் யாரோ பழைய கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்கும். பத்தடி நடந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் எங்கள் மகன் மாதவராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

"ம்மா, இந்த பேட்சோட போதும். தட்டு ரேக்கு எல்லாத்தையும் வித்துடலாம். நீங்க ரெண்டு பேரும் ஓசூர் வந்துடுங்க. மூணாவது மாடிதான், ஆனா லிப்ட் இருக்குது."

மாதம்மாள் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வரன்டா. ஆனா ஒண்ணு சொல்லு. நஞ்சம்மாளும் நானும் ஒரே மனையில நிக்கறம். ஒரே தூசி, ஒரே வாடை, ஒரே அடுப்பு. அவளுக்கு இல்லாத இழுப்பு எனக்கு மட்டும் எதுக்கு வந்துது? அத யாராவது சொல்லட்டும். நான் பொட்டிய கட்டறன்."

நஞ்சம்மாள் என் தம்பி மனைவி. தம்பி போன பிறகு எங்களோடு சேர்ந்துதான் புழு வளர்க்கிறாள். மாதம்மாளைவிட மூன்று வயது இளையவள், நான்கு மடங்கு சத்தம். அவள் சிரித்தால் மல்பெரி இலை உதிரும்.

ஆனி மாதம் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் பதில் கிடைக்காவிட்டால் ஓசூர் என்று பேச்சு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் எழிலரசி வந்தாள். சித்தேரி மலையிலிருந்து கீழே இறங்கிப் படித்து, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். பட்டுப்புழு வளர்க்கிறவர்களின் நுரையீரலைப் பற்றி ஆராய்ச்சி என்றாள். பையிலிருந்து குழாய் வைத்த ஒரு சின்னக் கருவியை எடுத்து எல்லாரையும் ஊதச் சொன்னாள். மாதம்மாள் மூன்று முறை ஊதினாள். மூன்றாவது முறை பாதியில் இருமல் வந்து நின்றுவிட்டது. நஞ்சம்மாள் வாயில் வெற்றிலையோடு ஊதினாள், எழிலரசி எழுதிய எண் மாதம்மாளுடையதற்கு ஏறக்குறைய இரட்டிப்பு. பிறகு என்னிடம் நீட்டினாள். நான் பழக்க தோஷத்தில் ஊதிவிட்டேன். கருவி உடையவில்லை. வீட்டுக் கூரையில் இரண்டு ஓடு நகர்ந்தது, அவ்வளவுதான்.

நஞ்சம்மாளுக்கு வந்த எண்ணைப் பார்த்ததும் மாதம்மாள் தன் கேள்வியை எழிலரசியிடம் போட்டாள். "ஏன் கண்ணு, அவளுக்கு இல்ல, எனக்கு மட்டும் ஏன்?"

"அதத் தெரிஞ்சுக்கத்தாங்கம்மா நானும் வந்திருக்கறன்" என்றாள் எழிலரசி. "பதிலு நெஞ்சுல இல்லாம வயித்துல இருக்குமோன்னு பாக்கறோம்."

மாதம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நம்ம குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்குதுங்க. நாம திங்கற நாரு, தோலு எல்லாம் நம்மால செரிக்க முடியாது. அதுங்கதான் தின்னுது. தின்னுட்டு அதுங்க விடற சில பொருளு ரத்தத்துல கலந்து நுரையீரலு வரைக்கும் போவுது. அங்க போயி, தூசிக்கெல்லாம் சண்டைக்குப் போவாத, கொஞ்சம் பொறுத்துப் போன்னு சொல்லுதுன்னு நெனைக்கறோம். எலியில பாத்திருக்கறாங்க. மனுசங்ககிட்ட எவ்வளவு தூரம் அப்படின்னு இன்னும் தேடிட்டுத்தான் இருக்கறோம்."

"வயித்துலருந்து நெஞ்சுக்கு பஸ்ஸு ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடுதுங்கய்யா. திரும்பியும் வருது. நெஞ்சு கெட்டாலும் வயிறு மாறுது."

"ட்ரிப்பு எத்தன?"

"ஏங்க, நீங்க சும்மா இருங்க" என்றாள் மாதம்மாள். "கண்ணு, அத எப்படிப் பாக்கறது?"

எழிலரசி கொஞ்சம் தயங்கிவிட்டு, பையிலிருந்து நீல மூடி போட்ட வெள்ளை டப்பாக்களை எடுத்தாள். மூடியிலேயே ஒரு குட்டிக் கரண்டி இருந்தது. நாளைக் காலையில் வெளியே போவதில் ஒரு கரண்டி எடுத்து, மண்ணும் தண்ணீரும் படாமல் போட்டு மூடி, பெயர் எழுதின உறையில் வைத்துக் கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு பேருக்கு முப்பத்திரண்டு டப்பா. நஞ்சம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தெருவில் இருந்தவர்களும் வந்து என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் புழுவுக்கு ஒரு நோய் வந்தது. வெளியூரிலிருந்து வாங்கிய பழைய தட்டுகளோடு வந்தது. மூன்று பேட்ச் அடுத்தடுத்துத் துவண்டு தொங்கின. அதோடு நிற்கவில்லை. எங்கள் ஊர்ச் சாக்கும் கூடையும் போன இரண்டு ஊர்களுக்கும் போனது. அந்த ஊர்க்காரர்கள் எங்கள் ஊர்ப் பெண் எடுக்கவே யோசித்தார்கள். அன்றைக்கு மாதம்மாள் ஒரு சட்டம் போட்டாள். ஊருக்குள் வருகிற எதுவும், ஊரைவிட்டுப் போகிற எதுவும் பிளீச்சிங் தண்ணீரில் முங்கி எழாமல் போகக் கூடாது. ஒவ்வொரு மனை வாசலிலும் ஒரு தொட்டி. கூடை, சாக்கு, செருப்பு, எல்லாம் முங்க வேண்டும். முங்க முடியாத சாமானுக்கு மேலே, தோலுரிக்கும்போது புழுவுக்குத் தூவுகிற வெள்ளைப் பொடி. சுண்ணாம்பும் பிளீச்சிங்கும் கலந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர் நோய் வெளியே போனதில்லை. இந்தச் சட்டம் எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. விருந்தாளியிடம் இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சித்தேரி மலையில் சாமையும் தினையும்தான். புழு வளர்ப்பு எழிலரசிக்குத் தெரியாது.

மறுநாள் காலையில், எழிலரசி வந்து சேருமுன்னே, டப்பாக்கள் ஒவ்வொன்றாக எங்கள் மனை வாசலுக்கு வந்தன. மாதம்மாள் தொட்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். டப்பாவை வாங்குவாள், மூடியைத் திறப்பாள், உள்ளே வெள்ளைப் பொடியைக் கோலமாவு தூவுகிற மாதிரி நாலு விரலில் தூவுவாள், நன்றாகக் குலுக்கி மூடுவாள், தொட்டியில் முக்கித் துடைத்து உறையில் போடுவாள்.

"நம்ம ஊரு நோவு மெட்ராசுக்குப் போயிடுச்சுன்னு பேரு வரக் கூடாதுடி" என்றாள் நஞ்சம்மாளிடம்.

"தாராளமாத் தூவுங்கக்கா. கொடுக்கறதே அது. வாடையோடயா கொடுப்பாங்க?" என்றாள் அவள்.

முப்பத்தொன்று ஆயிற்று. என்னுடையது பாக்கி. எனக்கு அன்று வரவில்லை. வயதானால் சில பஸ் நேரத்துக்கு வராது. ஆனால் முப்பத்திரண்டு டப்பா கொடுத்திருக்கும்போது முப்பத்தொன்று திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கண்டக்டரால் முடியாது. கொட்டாயில் எங்கள் வெள்ளாடு கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு கரண்டி எடுத்து மூடி, என் பெயர் எழுதின உறையில் போட்டு, எழிலரசி ஐஸ்பெட்டியை மூடப்போகிற சமயம் பார்த்துத் தந்துவிட்டேன். அவசரத்தில் பொடியும் தூவவில்லை, தொட்டியிலும் முக்கவில்லை.

இப்போது களி தின்ற இடத்துக்கு வருகிறேன். போனை மாதம்மாள் சத்தமாகப் போட்டிருந்தாள்.

"ஒண்ணுமே இல்லீங்கம்மா" என்றாள் எழிலரசி. குரல் அழுகிற மாதிரி இருந்தது. "செத்துப்போனதுகூட இல்ல. இருந்த தடமே இல்ல. முப்பத்தொரு பேருக்கும் அப்படியே. ஒரு டப்பாவுல மட்டுந்தான் இருக்குது. நான் ஊருக்கே போவாம ரூம்ல உக்காந்து சுண்ணாம்ப அடைச்சு அனுப்பிட்டன்னு எங்க மேடம் நெனைக்கறாங்க. நாளைக்கு வரன்."

மாதம்மாள் போனைக் கீழே வைத்தாள். குழம்புக் கரண்டி கையிலேயே இருந்தது. "ஒண்ணும் இல்லாத வயித்த வெச்சுக்கிட்டு என்ன பதில் சொல்லுவாங்க?" என்றாள். "வர ஞாயித்துக்கிழம அவன் கார எடுத்துக்கிட்டு வரான்." ஆனி பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. நெஞ்சுக்குள் அந்தக் கதவு இரண்டு முறை திறந்து மூடியது.

மறுநாள் எழிலரசி பத்து மணி பஸ்ஸில் இறங்கி நேராக வந்தாள். அன்று மனையைக் கழுவுகிற நாள். புதுப் புழு வர ஒரு வாரம் இருந்தது. வாசலில் நஞ்சம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"நில்லு கண்ணு. செருப்ப தொட்டில விடு. அந்த ஐஸுப் பொட்டியையும் இப்படிக் கொடு."

பெட்டி முங்கி எழுந்தது. எழிலரசி மூக்கைச் சுருக்கினாள். "இது என்ன தண்ணிங்க?"

"பிளீச்சிங். உள்ள வர எல்லாத்துக்கும் இதுதான்."

"போன தடவ நான் வந்தப்ப இது இல்லியே?"

"நீ வூட்டு வாசல்லயே பேசிட்டுப் போயிட்ட. மனைப் பக்கம் வரல. நீ போறப்ப கை கழுவற நேரத்துல பொட்டியையும் முக்கி எடுத்தனே?"

"போறப்ப?" என்றாள் எழிலரசி மெதுவாக. "பொட்டிய மட்டுமா?"

"பொட்டிய மட்டும் முக்கி என்ன பிரயோசனம்? உள்ள இருக்கற டப்பாவத்தான் முக்கணும்" என்றாள் நஞ்சம்மாள், விவரம் தெரியாத பெண்ணுக்கு விளக்குகிற மாதிரி. "பொடியும் தூவினோம். அக்கா கையாலயே தூவினாங்க. நீ தொறந்து பாத்தா வெள்ளையா இருந்திருக்குமே?"

எழிலரசி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு தோள் குலுங்குவதைப் பார்த்தால் சிரிப்பு. அப்புறம் இரண்டும் என்று தெரிந்தது. மாதம்மாள் உள்ளேயிருந்து விளக்குமாறோடு வந்தாள். விஷயம் புரிய அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சின்னதாகிவிட்டது.

"எங்க ஊரு நோவு வெளிய போவக் கூடாதுன்னுதான் கண்ணு."

"தெரியுதுங்கம்மா. நீங்க செஞ்சது தப்பில்லீங்க. நான் சொல்லாம விட்டதுதான் தப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து காகிதம் எடுத்தாள். "இதுல ஒருத்தருக்கு மட்டும் வந்திருக்குதுங்க. சின்னராஜ். ஐயா, நீங்கதான?"

ஆமாம் என்றேன்.

"உங்களுக்கு நெறைய வகை பாக்டீரியா இருக்குதுங்க. எங்க மேடமே ஆச்சரியப்பட்டாங்க. நாரு நெறைய சேத்துக்கறவருன்னு எழுதியிருக்கறாங்க." காகிதத்தை இன்னொரு முறை பார்த்தாள். "ஐயா, நீங்க இலைதழை நெறைய திம்பீங்களா?"

"அளவாத்தான்."

"அசை போடுவீங்களா?"

நஞ்சம்மாள் கொட்டாயைப் பார்த்தாள். ஆடு எங்களைப் பார்த்தது. பிறகு அவள் சிரித்த சிரிப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தோட்டத்தில் இலை பறிக்கிற வேலை அன்று மிச்சமானது, அவ்வளவுதான்.

"மாமா, உங்க விசிலுக்குக் காரணம் இப்பத்தான் தெரியுது" என்றாள்.

மாதம்மாள் சிரிக்கவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். புழு தின்னாமல் நிற்கும்போது அவள் அப்படித்தான் நிற்பாள்.

"கண்ணு, இந்தப் பொடி பட்டதும் எல்லாம் செத்துப்போச்சு, இல்ல?"

"ஆமாங்க."

"எங்க புழு வயித்துலயும் அந்த மாதிரி இருக்குதா?"

"இருக்குதுங்க. எல்லா உசுரு வயித்துலயும் இருக்குது."

"புழுவுக்கு வெளிய தூவறோம். வயித்துக்குள்ள தூவறது இல்ல." அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே கணக்குப் போட்டுக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் பழைய பிஸ்கெட் டப்பா. மூச்சு வாங்கியது. டப்பாவைத் திறந்து எழிலரசியிடம் நீட்டினாள். உள்ளே சிவப்பும் கறுப்புமான கேப்சூல் அட்டைகள், மேலே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு டாக்டர் சீட்டு.

"இதுவும் அந்தப் பொடி மாதிரிதானா?"

எழிலரசி அட்டையைத் திருப்பிப் படித்தாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "ஆன்டிபயாட்டிக்குங்க. கிருமிய கொல்றது. எப்ப போடுவீங்க?"

"மனைய கழுவறப்பல்லாம். மனையில ஒரு பேட்சு முடிஞ்சு கழுவுனா, நானும் அஞ்சு நாளு போட்டுக்குவன். உள்ளயும் ஒருதடவ கழுவுன மாதிரி. அடுத்த பேட்சுக்கு சளி இல்லாம நிக்கலாமேன்னு."

"வருசத்துக்கு எத்தன பேட்சு?"

"எட்டு. சில வருசம் ஒம்பது."

"எத்தன வருசமா?"

"ஆறு இருக்கும்."

"இழுப்பு?"

"நாலு வருசமா."

எழிலரசி விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். "டாக்டரு சொன்னாரா, இப்படிப் போடச் சொல்லி?"

"காய்ச்சல் வந்தப்ப ஒருதடவ எழுதிக் கொடுத்தாரு. கேட்டுது. அதே சீட்டுதான்."

"சீட்டு இத்தன வருசமா கடையில செல்லுதா? யாரு வாங்கிட்டு வந்தது?"

கொட்டாயில் ஆடு அசை போடுவதை நிறுத்திவிட்டது. வாங்கிவந்தவன் நான்தான். சீட்டு கிழிந்துவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் உறை போட்டவனும் நான்தான். டவுன் மருந்துக்கடையில் பஸ் பாஸ் காட்டுகிற மாதிரி காட்டுவேன், அவன் பார்க்காமலே எடுத்துத் தருவான். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு டிக்கெட் தவறாகக் கிழித்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். இதில் கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ எனக்கு ஒன்றும் இல்லை.

"நஞ்சம்மா, நீ போட்டியா இத?" என்று மாதம்மாள் கேட்டாள்.

"எனக்கு எங்கக்கா? மாத்திரைய பாத்தாலே வாந்தி வரும். நீங்க கொடுத்தத எல்லாம் கூரையில செருகி வெச்சிருக்கறன். சளி புடிச்சா புளிச்ச கூழு ரெண்டு சொம்பு குடிச்சுட்டுப் படுத்துக்குவன்."

இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒரே மனை, ஒரே தூசி, ஒரே அடுப்பு என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த ஒரு பிஸ்கெட் டப்பாவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"அம்மா, இதனாலதான்னு நான் சொல்ல மாட்டன்" என்றாள் எழிலரசி அவசரமாக. "சொன்னா பொய்யாயிடும். ரெண்டே பேர வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது. புழுத் தூசியும் இந்த வாடையும் நேரா நெஞ்சத்தான் புடிக்கும். அதுல நீங்க முப்பது வருசம் நின்னிருக்கறீங்க. ஆனா இந்த மாத்திரைய இனிமே டாக்டரு பாக்காம போடாதீங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போயி இழுப்புக்கு உறிஞ்சற மருந்து வாங்குங்க. கழுவற வேலையும் எச்சம் தள்ளற வேலையும் உங்களுக்கு வேண்டாம்."

"டப்பா இன்னும் இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள் மாதம்மாள்.

எழிலரசி அன்று இரவு ஊரிலேயே தங்கினாள். காலையில் முப்பத்திரண்டு டப்பாவும் மறுபடி வந்தன. இந்தத் தடவை பொடி இல்லை, தொட்டி இல்லை. சொல்வது சுலபம். முதல் டப்பாவைக் கையில் வாங்கியதும் மாதம்மாளின் கை தானாகத் தொட்டிப் பக்கம் போயிற்று. நஞ்சம்மாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே ஐஸ்பெட்டிக்குள் வைக்கும்போது, பெண்ணைக் கட்டின புடவையோடு மாமியார் வீட்டுக்கு அனுப்புகிறவள் மாதிரி மாதம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னுடைய டப்பாவை எழிலரசி தானே திறந்து, முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாள். ஒரு அரசு ஊழியரை இவ்வளவு சந்தேகப்படக் கூடாது.

பதில் வர இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அந்த மூன்று நாளும் மாதம்மாள் மனைக்குள் போகவில்லை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நஞ்சம்மாள் கழுவுவதைப் பார்த்தாள். ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய் உறிஞ்சுகிற மருந்து வாங்கி வந்தோம். பஸ்ஸில் அவள் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கும்போது மட்டும், "நீங்க என்ன பண்ணுவீங்க, நான் கேட்டன், நீங்க வாங்கியாந்தீங்க" என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாதவராஜ் வந்தான். காரின் பின் சீட்டை மடக்கி இடம் பண்ணி வைத்திருந்தான். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "என்னம்மா, பதில் கெடச்சுதா?" என்று கேட்டான். கேலி இல்லை. நிஜமாகத்தான் கேட்டான்.

"பாதி கெடச்சுது."

"மீதி?"

"சென்னையில இருக்குது. ஐஸ்ல வெச்சிருக்கறாங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

மாதம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். பிஸ்கெட் டப்பாவைக் காட்டினாள். யார் வாங்கினார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவன் அட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினான்.

"சரிம்மா. மாத்திர தப்பு, நிறுத்தியாச்சு. ஆனா தூசியும் நெஞ்சுக்கு ஆவாதுன்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சு இல்ல? இங்கயே இருந்தா நீ மறுபடி உள்ள போவ. எனக்குத் தெரியாதா உன்ன?"

அவன் சொன்னது சரி. எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாதம்மாளுக்கும் தெரியும். அவள் எழுந்து போய் மனைச் சாவியை எடுத்து வந்தாள். முப்பது வருடம் அவள் இடுப்பில் கிடந்த சாவி. நஞ்சம்மாளைக் கூப்பிட்டு அவள் கையில் வைத்தாள்.

"மனை இனிமே உன்னுது. உள்ள நீதான். கழுவறதும் நீதான். மூஞ்சிக்குத் துணியக் கட்டிக்காம போனீன்னா உன் கால ஒடிப்பன். நான் தோட்டம். தழை வெட்டறது, கட்டு கட்டறது, வாசல் வரைக்கும் கொண்டாந்து போடறது. அதுக்கு மேல வர மாட்டன்."

"அக்கா, நெசமாவா?" நஞ்சம்மாளின் சத்தம் முதல் முறையாகக் காணாமல் போயிருந்தது.

"நான் எப்ப சும்மா பேசியிருக்கறன்? அதுக்குத்தான் ஒருத்தர் இருக்கறாரே." மகன் பக்கம் திரும்பினாள். "என்னடா, இப்ப சொல்லு. உள்ள போனன்னு நஞ்சம்மா போன் பண்ணா, அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போ. நான் ஒரு வார்த்த பேச மாட்டன்."

மாதவராஜ் சித்தியின் போன் நம்பரைத் தன் போனில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டான். மாலையில் காலிக் காரில் இரண்டு மூட்டை கேழ்வரகு ஏற்றிக்கொண்டு போனான். பின் சீட்டு வீணாகவில்லை.

புதுப் புழு வந்தது. போனது. அடுத்த பேட்சும் வந்தது. கடைசிப் பருவம், தீனி அதிகம் கேட்கிற நாள். மாதம்மாள் தழைக் கட்டை வாசலில் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே நாற்பதாயிரம் வாய் மென்றுகொண்டிருந்தது. முகத்தில் துணிக் கட்டோடு நஞ்சம்மாள் தட்டுகளுக்கு நடுவில் நடந்தாள். அப்போதுதான் எழிலரசியின் போன் வந்தது.

"அம்மா, வந்துடுச்சுங்க. உங்களுக்கு ரொம்பக் கொஞ்ச வகைதான் இருக்குது. நஞ்சம்மா அம்மாவுக்கு உங்கள மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல."

மாதம்மாள் கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆனா இன்னொண்ணும் சொல்லணும். உங்க ஊருல இழுப்பு இருக்கற இன்னும் ரெண்டு பேருக்கு வகை நல்லாத்தான் இருக்குது. உங்களுக்கு வயிறு கெட்டதுனால நெஞ்சு கெட்டுதா, நெஞ்சு கெட்டதுனால வயிறு மாறுச்சான்னு இத வெச்சு சொல்ல முடியாதுங்க. மன்னிச்சுக்குங்க. உங்களுக்கு நேரா ஒரு பதில் தரணும்னு நெனச்சன்."

"அதுக்கென்ன கண்ணு?" என்றாள் மாதம்மாள். "நோவு வந்ததுனால புழு திங்கலியா, திங்காததுனால நோவு வந்துதான்னு நானும் முப்பது வருசமா பாக்கறன். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒவ்வொரு மாதிரி தெரியுது. அந்த ரெண்டு பேரும் என்ன திங்கறாங்கன்னு கேட்டியா?"

"இல்லீங்க."

"யாருன்னு நீ சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். நான் கேட்டு வெக்கறன். ஆறு மாசம் கழிச்சு டப்பா எடுத்துக்கிட்டு வா."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"நஞ்சம்மா, நாலாவது தட்டு, அந்த மூலையில ஒண்ணு திங்காம நிக்குது பாரு."

நஞ்சம்மாள் குனிந்து தேடினாள். எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "ஆமாக்கா! அங்கிருந்து எப்படித் தெரியுது உங்களுக்கு?"

மாதம்மாளுக்குத் தோட்டத்திலிருந்து தழைக் கட்டைச் சுமந்து வந்த மூச்சு இன்னும் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. அது வருகிற வரைக்கும் பொறுமையாக நின்றாள். வந்தது.

"தெரியுது" என்றாள்.